ஜோடியைப் பிரித்தவன் காவல்

வைகாசி ஒன்பது, புதன்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிஷம். மூன்று வீச்சு, பதினான்கு மீன். பன்னிரண்டு ஜிலேபிக் குஞ்சு, இரண்டு செல்லாக்காசு. பதினான்கும் இப்போது என் மேஜைமேல் கண்ணாடி ஜாடியில், பார்மலினில் கிடக்கின்றன. சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், விரலைவிட்டு வாடை போகவில்லை. கண் எரிகிறது. பார்மலின்தான் காரணம் என்று எழுதிவிட்டால் வசதி. உன்னிடம் அப்படி எழுத வரவில்லை.

மடல் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நீ காமாலையில் போய் ஏழு மாதம் ஆகிறது, விசாரிக்க ஒன்றுமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உனக்கும் அதுதான் பிடிக்கும். உங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் யாராவது வணக்கத்துக்குரிய, மதிப்புக்குரிய என்று இழுத்தால், "சோறு ஆறுதுய்யா, சொல்ல வந்தத சொல்லு" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பவன் நீ.

விஷயம் இதுதான். இன்று காலை நான் உங்கள் தெருக் குளத்துக்குப் போனேன். தூண்டிலோடு இல்லை, மீன்துறை டிபார்ட்மென்ட் வலையோடு. எப்படிப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்ணை வீட்டில் காப்பி குடித்துவிட்டு, அவர்கள் நிலபுலனைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் ஓட்ட, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எனக்குச் சைக்கிள் கிடைக்காதா? கிடைக்கும். "ஏறுங்க சார், வெயில் வந்துடும்" என்றார். ஏறிவிட்டேன். தெருமுனையில் உன் பெயர் போட்டு நட்டிருக்கும் கொடிக்கம்பத்தைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காதது எனக்குத் தெரியும்.

நீ இல்லாத முதல் தையில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல ஆளிருந்திருக்காது. அறுவடைக்குக் கூலி நெல்லை ஏற்றிக் கேட்டார்கள். பண்ணை மறுத்தது. தெரு அரிவாளை எடுக்கவில்லை. ஒரு வாரத்தில் லாரி லாரியாக வெளியூர் ஆள் வந்து இறங்கி அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பிறகு உளுந்து பிடுங்கவும் தெருவைக் கூப்பிடவில்லை, வாய்க்கால் தூர் வாரவும் கூப்பிடவில்லை. குடியிருப்பு மனை அவரவருக்கே என்று சட்டம் வந்ததால் வீட்டை இடிக்க முடியவில்லை. வயிற்றில் கை வைத்திருக்கிறார்கள். தெரு இப்போது எதைத் தின்கிறது? கீரை, நத்தை, அந்தக் குளத்துப் பொடிமீன்.

அந்தக் குளத்துக்கு இருக்கும் வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே நீ சொன்னதுதான்: வலை குத்தகைக்கு, தூண்டில் தெருவுக்கு. பஞ்சாயத்து மீன்பாசி ஏலம் யார் எடுத்தாலும் வலை போட்டுப் பெரிய மீனை அள்ளிக்கொள்ளலாம். தூண்டிலில் விழும் பொடிமீனை யாரும் கேட்கக் கூடாது. எந்தக் காகிதத்திலும் இது இல்லை. ஆனாலும் நேற்றுவரை யாரும் மீறவில்லை.

இந்த வருஷம் ஏலம் எடுத்திருப்பது பண்ணை வீட்டு மாட்டுக்காரர். அதாவது அவர் பெயரில் பண்ணை. நிலத்தில் பழகிய கை, தண்ணீரிலும் பினாமி வைக்கிறது. குளத்தைச் சுத்தம் செய்து கட்லாவும் ரோகுவும் விட வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்கு மனு வந்தது. சுத்தம் என்றால் இலுப்பைப் பிண்ணாக்கு. கோடையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது கரைத்துவிட்டால் உள்ளே இருக்கிற மீன் அத்தனையும் மேலே மிதக்கும். விஷம் முறிந்து, ஆற்றில் தண்ணீர் வந்ததும் புதுக் குஞ்சு விடலாம். பாடத்தில் இருப்பதுதான், நான் முதல் மார்க் வாங்கிய பாடம். அழிக்க வேண்டிய சின்ன மீனுக்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு: களைமீன். குளத்தில் என்னென்ன களைமீன் இருக்கிறது என்று பார்த்து எழுதுவதற்குத்தான் என்னை அனுப்பினார்கள்.

முதல் இரண்டு வீச்சிலும் ஜிலேபிதான். உனக்குக் கடைசிவரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தட்டையாக எது வந்தாலும் "காசு விழுந்துடுச்சுடா" என்று கத்துவாய். கத்திக் கத்தியே பக்கத்தில் இருக்கிற மீனையெல்லாம் ஓட்டுவாய். உன்னைப்போல மட்டமான தூண்டில்காரனை நான் பார்த்ததில்லை. மண்புழுவைக் கோர்ப்பதற்குள் பாதி அரசியல் பேசி முடித்திருப்பாய். புழு தவழ்ந்து போயிருக்கும். என் கட்சி ஜெயித்த வருஷம் நீ இப்படித்தான் ஆரம்பித்தாய்:

"ஒங்க ஆட்சிதான் வந்துடுச்சே. இனிமே தூண்டில் எதுக்கு? மீனே வரிசையில வந்து நிக்குமே."

"நிக்கும். ஒன் சங்கத்துல சொல்லிட்டா, நிக்காதேன்னு வேலைநிறுத்தம் பண்ணிடும்."

"பண்ணும்டா. மீனுக்கு இருக்குற சொரணை ஒனக்கு இருக்கா?"

அது வேடிக்கைப் பேச்சு. இன்றைக்கு அது என்னைச் சும்மா விடவில்லை.

செல்லாக்காசை அடையாளம் காண்பது கஷ்டமே இல்லை. வட்ட உடம்பு, மஞ்சள், வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளி, விலாவில் நடுவாகக் கறுப்புப் பொட்டு. ஜிலேபிக் குஞ்சுக்குப் பொட்டு முதுகுத் துடுப்பின் பின்பக்கம் இருக்கும். சந்தேகமாக இருந்தால் வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற துடுப்பில் முள்ளை எண்ணு: மூன்று என்றால் ஜிலேபி, பன்னிரண்டுக்கு மேல் என்றால் நம்முடையது. கடிக்கிற விதமும் வேறு. ஜிலேபி இழுக்கும், தக்கை முங்கும். செல்லாக்காசுக்கு வாய் சின்னது. பருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும். தக்கை முங்காது, பக்கவாட்டில் ஒரு விரல்கடை நகரும். அப்போது சுண்ட வேண்டும். இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "ஒரு விரல்கடைக்கெல்லாம் காத்திருந்தா புரட்சி எப்படா வரும்?" என்பாய்.

மூன்றாவது வீச்சுக்கு முன்னால் கிழக்குக் கரையில், படிக்கட்டுப் பக்கம், இரண்டு செல்லாக்காசு நிற்பதைப் பார்த்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான், தெளிவாக இருந்தது. நான் கிட்டப் போனேன். இரண்டும் ஓடவில்லை. நிழல் விழுந்தது, அப்போதும் ஓடவில்லை. ஒன்று என் காலை நோக்கி முட்ட வருவதுபோல் வந்து திரும்பியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லதாயிற்று, ஓடாத மீன், சுலபமான வேலை. ஆறரைக்குள் முடித்தால் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். வீசினேன். இரண்டும் விழுந்தன. உயிரோடு ஜாடியில் போட்டேன். முள்ளை எண்ணினேன், பதின்மூன்று. சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பிறகுதான் தண்ணீரைப் பார்த்தேன். கடுகைக் கைநிறைய அள்ளிக் கொட்டியதுபோல் ஒரு கறுப்புத் திட்டு, அப்பனும் ஆத்தாளும் நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருந்தது. குஞ்சு. எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை. முதலில் ஒரு கெண்டை வந்தது. அப்புறம் ஜிலேபி, நாலைந்து. வாயை வாயைத் திறந்து மூடின. நான் கடிகாரம் பார்த்து முடிப்பதற்குள் அந்தத் திட்டு இல்லை.

கரையில் ஏழெட்டுப் பெண்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் மேற்குக் கரையில். கிழக்குக் கரை காலியாகக் கிடந்தது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஜோடி நிற்கிற பக்கம் தெருவில் யாரும் தூண்டில் போட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்தே மறந்திருந்தேன். அவர்கள் என்னையே பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து கரையோரமாக நடந்து வந்தாள். உன் மனைவி.

மெலிந்துவிட்டாள். தண்ணீரைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குஞ்சு இருந்துச்சு" என்றாள்.

"கவனிக்கல."

"பரவால்ல சார்."

சார். உன் கல்யாணத்தன்று, "ஐயான்னு கூப்புட்டா சோறு கிடையாது, அண்ணேன்னு கூப்புடு" என்று நீ அவளை மிரட்டினாய். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணன். உன் காரியத்துக்கு நான் வந்தபோதுகூட, அழுகைக்கு நடுவில், "அண்ணே, பாத்தீங்களா அண்ணே" என்றுதான் சொன்னாள். இன்று சார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டரைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

பரவாயில்லை என்று அவள் ஏன் சொன்னாள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். உங்கள் தெருவில் அது பரவாயில்லை என்று விடுகிற காரியமே இல்லையே. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடையில் இதே தப்பை இதே கரையில் செய்திருக்கிறேன். அன்று ஒரு மீன்தான். தக்கை ஒரு விரல்கடை நகர்ந்தது, சுண்டினேன், மஞ்சளாக வந்து விழுந்தது. உன் அம்மா உளுந்து பிடுங்கிய கையோடு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

"எவன்டா ஜோடியப் பிரிச்சவன்?"

"நான்தாங்க. தெரியாம..."

"தெரிஞ்சு பண்ணுனா என்ன, தெரியாம பண்ணுனா என்ன? எறங்கு தண்ணியில. மிச்சம் இருக்குற ஒத்த மீனு எத்தன பக்கம் காக்கும்? நீ ஒரு பக்கம் நின்னு காவல் காரு."

அக்கம்பக்கத்துப் பெண்களில் ஒருத்தி பயந்துபோய், "அக்கா, அது குத்தகைக்காரவூட்டுப் புள்ள. அவுங்க அப்பாரு பாத்தா வம்பு" என்றாள்.

"யாரு வூட்டுப் புள்ளயா இருந்தா மீனுக்கு என்ன? எறங்குடா."

டா போட்டார்கள். இறங்கினேன். உங்கள் தெருவில் என்னை யாரும் டா போட்டதில்லை. எங்கள் அப்பா நிலம் வைத்திருந்தவரில்லை, அவரே பண்ணையின் குத்தகைதாரர்தான். ஆனாலும் ஜாதி ஒரு படி மேலே உட்கார வைத்துவிடுகிறதே. அன்று முழங்கால் தண்ணீரில் நின்று, குஞ்சை நெருங்குகிற மீனையெல்லாம் கையால் விரட்டினேன். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீயும் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றாய்.

"நீ ஏன்டா எறங்குன?"

"ஜோடின்னா ரெண்டு வேணும்ல. நீதான் பொட்ட மீனு, முட்டையப் பாத்துக்க."

"போடா."

"வால ஆட்டுடி."

கரை முழுக்கச் சிரிப்பு. உன் அம்மாவே சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெயில் தணியும்வரை நின்றோம். கால் விரலெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. மேலே ஏறியதும் உன் அம்மா இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் கஞ்சி ஊற்றினார்கள். தண்டனையை முடித்தவனுக்கு ஊற்றுகிற கஞ்சி. அதைக் குடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்ததே தவிர அவமானமாக இல்லை. தண்டனைக்கு உரியவனாக என்னை எண்ணினார்கள், அவ்வளவுதான். அந்தத் தெருப் பிள்ளையாக எண்ணினார்கள்.

இன்றைக்கு இரண்டையுமே எடுத்தேன். யாரும் இறங்கு என்று சொல்லவில்லை. உன் அம்மா இல்லை என்பதால் மட்டும் அல்ல. கரையிலிருந்த அத்தனை பெண்களுக்கும் அந்தச் சட்டம் தெரியும். தெருவில் ஒருவனாக இருந்தால்தான் தண்டனை. வெளியாளுக்குப் பரவாயில்லை சார். எனக்கு வந்த அவமானம் அதுதான். சங்கத்திலிருந்து ஒருவனை விலக்கும்போது என்ன செய்வோம் என்று நீ ஒருமுறை சொன்னாய்: "திட்ட மாட்டோம். மரியாதையா பேசுவோம்."

திரும்பும்போது காரியக்காரர் உற்சாகமாக இருந்தார். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே பேசினார்.

"களைமீன் இருக்குல்ல சார்? எழுதிக் குடுத்துடுங்க. ரெண்டு மூட்ட இலுப்பப் புண்ணாக்கு களத்துல வந்து கெடக்கு. வெள்ளிக்கெழம கரைச்சுடலாம்."

"அதுல எல்லா மீனும் செத்துடும்."

"சாவட்டுமே. அப்புறம் நாம வுடுறது கவர்மென்ட்டு குஞ்சு. அதுல எவளாவது தூண்டி போட்டா திருட்டு கேசு. இப்ப வழக்கம், மாமூலுன்னு பேசுறாளுவொல்ல? பொடிமீனே இல்லாத கொளத்துல என்ன மாமூலு? ஒரே கல்லுல ரெண்டு மாங்கா சார்." அப்புறம் கழுத்தைத் திருப்பிச் சொன்னார்: "அந்தப் பய இருந்திருந்தா கொடிய நட்டுட்டுக் கரையிலேயே குந்திருப்பான். இப்ப யாரு இருக்கா?"

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வாயில் பண்ணை வீட்டுக் காப்பியின் கசப்பு இன்னும் இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பழக்கதோஷத்தில், "ரொம்ப தேங்க்ஸ்" என்று வேறு சொன்னேன்.

இப்போது மத்தியானம். ரூமில் ஜாடிக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். செல்லாக்காசின் மஞ்சள் அதற்குள் வெளுக்கத் தொடங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் இரண்டும் ஜிலேபி நிறத்துக்கு வந்துவிடும்; முள்ளை எண்ணினால்தான் தெரியும்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்தது பொய்ப் படிப்பு இல்லை. கட்லா கெட்ட மீன் இல்லை, சீக்கிரம் வளரும், நிறைய பேருக்குச் சோறு போடும். நீ உயிரோடு இருந்தால் இதற்கே ஒரு சண்டை போட்டிருப்போம். ஆனால் யாருடைய கட்லா, யாருடைய குளம் என்று கேட்கிற கட்டம் என் ரிப்போர்ட்டில் இல்லை. கட்டம் இல்லாததை எழுதக் கூடாது என்பது ஆபீஸ் பழக்கம். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. அப்பாவின் குத்தகை நிலமும் பண்ணை நிலம்தான். பதிவு இருக்கிறது, சட்டென்று பிடுங்க முடியாது. இருந்தாலும் தண்ணீர் மடையைத் திறப்பது அவர்கள் ஆள். இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கணக்குப் போட்டேன் என்பதும் வெட்கம்தான். தெருவில் முதல் சங்கக் கொடியை நட்ட அன்று நீ கணக்குப் போட்டிருப்பாயா என்று கேட்டுக்கொண்டேன். போட்டிருப்பாய். நீ முட்டாள் இல்லை. போட்டுப் பார்த்துவிட்டு நட்டாய்.

உன்னைப்போல எனக்குப் பேச வராது. கூட்டம் சேர்க்கத் தெரியாது. பொறுமையும் கிடையாது. வரிசை போட்டு எழுதினால்தான் எனக்குக் காரியம் நடக்கும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான், நீ கேலி செய்வாய். கேலி செய்துகொள்.

1. இன்றே ரிப்போர்ட் எழுதுவேன். இந்தக் குளத்தில் இலுப்பைப் பிண்ணாக்கு கரைக்கக் கூடாது; ஒரு தெரு இதில் குளிக்கிறது, மாடு குடிக்கிறது, மீன் பிடித்துத் தின்கிறது; ஜிலேபியை வலை போட்டுக் குறைத்தால் போதும். கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுவேன்.

2. "வலை குத்தகைக்கு, தூண்டில் தெருவுக்கு" என்ற வழக்கத்தை அதே ரிப்போர்ட்டில், நான் விசாரித்து அறிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு காகிதத்திலாவது அது இருக்கட்டும்.

3. செல்லாக்காசைக் களைமீன் என்று எழுத மாட்டேன்.

4. அப்பாவிடம் இன்றிரவே சொல்லிவிடுவேன். வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. திட்டுவார், கேட்டுக்கொள்வேன்.

5. நாளை சைக்கிளில் தெருவுக்குப் போய், எழுதியதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டுவேன். வெள்ளிக்கிழமை மூட்டை வரப் போகிறது என்பதையும் சொல்வேன்.

6. ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை மூட்டையைக் கொண்டுவந்தால், விடிவதற்கு முன்னாலேயே குளத்தில் இறங்கி நிற்பேன். ஆள் நிற்கிற தண்ணீரில் கரைக்க மாட்டார்கள். கரைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

7. உன் மனைவியிடம் அண்ணே என்று கூப்பிடச் சொல்லிக் கேட்க மாட்டேன்.